பூனைமேல் போட்ட பழி

1

இந்தக் கதை ஒரு பூனையை வீட்டைவிட்டுத் துரத்தியதில் தொடங்கியது. துரத்தியவள் என் அக்கா. தீர்ப்பு எழுதியவன் நான். பூனை மேல்முறையீடு செய்யவில்லை.

வாக்குமூலத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். நடுவில் எங்காவது நான் நல்லவன்போல் தெரிந்தால் நீங்கள் ஏமாறக் கூடாது. ‘ஆஸ்துமாவை அறிவோம்: தூண்டிகள், சிகிச்சை, தடுப்பு’ என்று பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். ஒரு ரொட்டித் தொழிற்சாலை தன் ஊழியர்களுக்காக அதை அச்சிட்டது. நான் கதை எழுதுகிறவன். என் கடைசித் தொகுப்பை மொத்தம் முப்பது பேர் படித்திருக்கலாம். அதில் எட்டுப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களிலும் இரண்டு பேர் பொய் சொல்கிறார்கள். இந்தக் கையேட்டையோ நானூறு பேர் படித்தார்கள். அடிக்கோடு போட்டுப் படித்தார்கள். படித்தபடி நடந்தார்கள். எழுதுகிற எவனும் கனவு காண்கிற வாசகர்கள். அந்த நானூறு பேரில் ஒருத்தி என் அக்கா.

அவள் அங்கே மாவு பிசையும் அறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். கையேட்டில் ‘மாவுத்தூசி’ என்ற சொல் இல்லை.

[முந்தைய இரண்டு வாக்கியங்களையும் இன்னொரு தடவை சேர்த்துப் படியுங்கள். நான் நூறு தடவை படித்துவிட்டேன்.]

2

கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும். மேலே இருந்தது என்ன என்று கேட்காதீர்கள், அது வாக்குமூலம். தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் வரைவு: “காற்று யாருக்கும் சொந்தமில்லை. அது மலைகளைத் தழுவி…”

அடித்துவிட்டேன். காற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எவனுக்கும் கவிஞன் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. தவிர, அது பொய். ஒரு மூடிய அறையின் காற்று யாருடைய பொறுப்பு என்பதுதான் இந்தக் கதையின் தகராறே.

இரண்டாவது வரைவு: “மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றியிருக்கும் தசைகள் இறுகுகின்றன. சளி சேர்கிறது. பாதை குறுகுகிறது.”

இது என் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலிருந்து நானே திருடியது. பிழையில்லாத வாக்கியங்கள், ஆனால் ஒரு மனிதரும் குடியிருக்காத வாக்கியங்கள்.

மூன்றாவது வரைவு அக்காவுடையது. அவளிடம் நான் கேட்டேன், மூச்சுத் திணறும்போது எப்படி இருக்கும் என்று. (கையேடு அச்சாகி வந்த பிறகு கேட்டேன். எழுதுவதற்கு முன் கேட்கத் தோன்றவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

“எல்லாரும் உள்ள இழுக்க முடியாம கஷ்டப்படறேன்னு நெனைக்கறாங்க. அது இல்லடா. வெளிய விட முடியல. பஸ்ல எறங்க வேண்டியவங்க எறங்காம வாசல்லயே நின்னுட்டாங்க, ஏற வேண்டியவங்க கீழ முட்டிக்கிட்டு நிக்கறாங்க. அந்த மாதிரி. உள்ள ஏற்கெனவே கூட்டம். நான்தான் கண்டக்டர். கத்தக்கூட மூச்சு இல்ல.”

இரண்டாம் பக்கத்துக்கு இதைப் போட்டிருக்கலாம்.

3

பிசையும் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கூடம். ஜன்னல்கள் உண்டு, திறப்பதில்லை. பூச்சி வரும் என்பது காரணம், அது நியாயமான காரணம்தான். நடுவில் நாலு எந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவுக்குத் தொட்டியோடு. மூட்டையைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் சாய்த்து, வாயைக் கிழித்துக் கொட்ட வேண்டும். கொட்டும்போது ஒரு வெள்ளை மேகம் எழும். மேகம் அடங்குவதற்குள் பக்கத்துத் தொட்டியில் அடுத்த மூட்டை. அக்கா தன் உள்ளங்கையால் மாவை ஒரு அறை அறைந்து, அந்தச் சத்தத்தை வைத்தே “இன்னும் ரெண்டு நிமிஷம்” என்று சொல்வாள். எந்திரத்தில் இருக்கும் கடிகாரம் அவளிடம் தோற்றுப்போய்ப் பல வருடம் ஆகிறது.

வேலை முடிந்ததும் அவர்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு. எந்திரத்தின் இடுக்குகளைச் சுத்தம் செய்ய ஒரு காற்றுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அழுத்தத்தோடு சீறும். அதை ஒருவர் கையில் எடுப்பார், மற்றவர்கள் வரிசையாக முதுகைக் காட்டி நிற்பார்கள். தலை, தோள், முதுகு, கால் என்று புஸ் புஸ்ஸென்று அடித்து ஒட்டியிருக்கும் மாவையெல்லாம் பறக்கவிடுவார்கள். ‘காத்துக் குளியல்’ என்று அதற்குப் பெயர். அந்த அறையின் பதினொரு பேரும் ஒருவருக்கொருவர் அடித்துவிட்டு, கிச்சுகிச்சு மூட்டிச் சிரித்து, வெள்ளையாக உள்ளே இருந்தவர்கள் மனித நிறத்தில் வெளியே வருவார்கள். வீட்டுக்கு அழுக்காகப் போகக் கூடாது என்ற சுத்த உணர்வு. மேலதிகாரிகளும் பாராட்டுவார்கள்: “மாவு ரூம் ஆளுங்களப் பாரு, எவ்வளவு நீட்டா இருக்காங்க.”

உடம்பிலிருந்து போன மாவு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மூடிய அறை. பதினொரு மூக்கு. வேறு எங்கே போகும்?

(முதலில் இந்தப் பகுதியைப் பாசத்தோடு எழுதியிருந்தேன். ‘உழைப்பின் திருவிழா’ என்றுகூட ஒரு வரி. வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

அக்காவுக்கு முதலில் தும்மல். பிறகு மூக்கு ஒழுகல், கண் அரிப்பு. அப்படியே நாலு வருடம். பிறகு இருமல். போன வருடம் நெஞ்சில் விசில். ‘ஆஸ்துமா’ என்று சொல்லி இரண்டு இன்ஹேலர் கொடுத்தார்கள், ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. ஒருவரும் எங்கே வேலை என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லி டாக்டரின் நேரத்தை வீணாக்கக் கூடாதாம்.

4

இங்கே வில்லன் வர வேண்டும். வருகிறார், ஆனால் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்.

தொழிற்சாலையின் ஊழியர்நல அதிகாரி. பச்சை மையில் மட்டுமே எழுதுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் பச்சைப் பேனா. இவருக்கு ஒரு முறுக்கு மீசையும் தங்கப் பல்லும் கொடுத்து முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். ஆனால் ஆள் அப்படி இல்லை. யாருடைய பிள்ளை எந்த வகுப்பு என்று நானூறு பேருக்கும் சொல்வார். நான் போனால் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போடுவார். என் கதையொன்றைப் படித்திருக்கிறேன் என்றார். தலைப்பைத் தப்பாகச் சொன்னார், அப்போதும் எனக்குக் கண் கலங்கியது. நான் எவ்வளவு மலிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வரைவில் தூண்டிகள் ஒன்பது. நூலகத்தில் நாலு நாள் உட்கார்ந்து படித்து எழுதியது. முதலாவதாகவே மாவுத்தூசியை வைத்திருந்தேன்: ரொட்டி செய்யுமிடங்களில் ஆஸ்துமா வருவதற்கு மிகவும் தெரிந்த காரணம் அது, வேலை நாளில் கூடி விடுமுறையில் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும், மூட்டையைத் தாழ்வாகச் சாய்த்து மெதுவாகக் கொட்ட வேண்டும், தொட்டிக்கு மூடி வேண்டும், காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, ஈரத்துணியோ உறிஞ்சும் எந்திரமோதான். எல்லாம் இருந்தது.

பச்சைப் பேனா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பிரமாதமா எழுதியிருக்கீங்க சார். ஒரே ஒரு இடம்.”

“சொல்லுங்க சார்.”

“இது பொது விழிப்புணர்வுதானே? நம்ம வீட்டை நாமே குத்திக் காட்டணுமா? மாவுன்னு போட்டா ஆளுங்க பயந்துருவாங்க. பயமும் ஒரு தூண்டிதான், நீங்களே எட்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க.”

“அது வந்து…”

“தூசின்னு பொதுவா போட்டுருவோம். எல்லாத் தூசியும் அதுல அடக்கம்தானே. அடுத்ததா ‘வீட்டுத் தூசி’ன்னு நீங்களே போட்டிருக்கீங்க, அது மட்டும் இருந்தா இன்னும் தெளிவா இருக்கும்.”

தெளிவா இருக்குமாம். பச்சைக் கோடு ஒரு பத்தி முழுவதையும் நடந்து கடந்தது. அப்போது நான் சொன்னது, நான் எழுதியவற்றிலேயே மிகச் சுருக்கமான படைப்பு:

“சரி சார்.”

கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் என் பெயர் போடுவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

5

எட்டுத் தூண்டிகள்: வீட்டுத் தூசி, செல்லப்பிராணிகள், மகரந்தம், பூஞ்சை, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல், மனக்கவலை. நன்றாகப் பாருங்கள். எல்லாம் உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் எட்டில் ஒன்றுகூட வேலையிடத்தில் இல்லை! படித்து முடிக்கிற நோயாளி தன் வீட்டைச் சுற்றிப் பார்த்துத் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வார். என் தலையணை, என் அடுப்பு, என் சுவர், என் கவலை. ‘மனக்கவலையைத் தவிர்க்கவும்’ என்று நானே எழுதியிருக்கிறேன். எப்படித் தவிர்ப்பது என்று எழுதவில்லை. அடுத்த வரியில் ‘போதிய ஓய்வு எடுக்கவும்’. ஒரு நாளைக்குத் தொண்ணூறு மூட்டை தூக்குகிறவளுக்கு நான் சொன்ன அறிவுரை. யாராவது என்னை அடித்திருக்க வேண்டும்.

அக்கா கையேட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தம்பி எழுதியது அல்லவா. முதல் ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலைகள் இறங்கின. மெத்தை வெயிலுக்குப் போனது. சுவரின் ஈரமூலையை மாமா சுரண்டி வெள்ளையடித்தார். அவர் ரகசியமாக ஊதும் சிகரெட் பரம ரகசியமானது. மூலைக்கடை வரை நடந்துபோய் ஊதிவிட்டு வந்தார். (இதில் ஒரு நல்ல காரியம் நடந்ததை மறுக்கமாட்டேன்.)

கடைசியில் துரையின் முறை வந்தது. பகல் முழுவதும் தூங்குவதாலும் எழுந்ததும் சாப்பாடு கேட்டுக் கத்துவதாலும் அந்தப் பூனைக்கு அந்தப் பெயர். ஏழு வருடமாக அக்காவின் காலடியில் படுத்தது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை இங்கே எழுதிவிட்டு இரண்டு முறை அடித்தேன். அடித்ததை அப்படியே விட்டுவைக்கிறேன்.

“வேணுமாக்கா?” என்றேன், கூடையைப் பிடித்துக்கொண்டு.

“நீதானேடா எழுதியிருக்கே. ரெண்டாம் நம்பர்.”

“எல்லாருக்கும் எல்லாமும் தூண்டாது, அவங்கவங்களுக்கு எதுன்னு பாக்கணும்னும் எழுதியிருக்கேன். நாலாம் பக்கம்.”

“நாலாம் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கு. ரெண்டாம் நம்பர் பெரிய எழுத்துல இருக்கு.”

துரை நகரத்தின் மறுமுனையில் இருக்கும் அவள் நாத்தனார் வீட்டுக்குப் போனது. அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாவது நாள் மாவறையில் மேகத்துக்கு நடுவே நின்று, மூச்சு வாங்க, எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, பூனை முடி இன்னும் உடுப்பில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாளாம்.

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று எனக்கு

6

பூனை போய் மூன்று வாரமாகியும் விசில் குறையவில்லை. அக்காவை நெஞ்சு நோய் மருத்துவகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு நர்ஸ். எல்லோரையும் ஒரு சின்ன அளவுக்குழாயில் ஊதவைத்து எண்ணைக் குறிப்பதால் ஊதல் நர்ஸ் என்று பெயர். அவர் முதலில் கேட்டது பழுப்பு இன்ஹேலரை.

“அத நிறுத்திட்டேன்மா. அடிச்சா ஒண்ணுமே பண்ண மாட்டேங்குது. நீலம் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல கேக்குது.”

“அதான பாத்தேன். நீலம் கதவை ஒடச்சு உங்கள வெளிய இழுத்துப் போடற ஆளு. பழுப்பு தெனமும் ரெண்டு வேளை வந்து கீலுக்கு எண்ணெய் விடற ஆளு. வீக்கத்த மெதுவா கொறைக்கும், சில வாரம் ஆகும். எண்ணெய் விட்டவனுக்கு யாரு நன்றி சொல்றாங்க? அவன வேலைய விட்டுத் தூக்கிட்டு, கதவு ஏன் ஒட்டுதுன்னு என்னக் கேக்கறீங்க. அடிச்சதும் வாய் கொப்புளிக்கணும். எங்க, எப்படி அடிப்பீங்க, காட்டுங்க.”

அக்கா காட்டினாள். மருந்து பாதி நாக்கிலும் பாதி காற்றிலும் போனது. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் குப்பியை இன்ஹேலரின் முனையில் பொருத்தி, அதன்வழியே மெதுவாக இழுக்கவும் பத்து எண்ணும்வரை பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார். பிறகு அளவுக்குழாயைக் கொடுத்து, காலை மாலை ஊதி இரண்டு வாரம் எழுதிவரச் சொன்னார். வேலை நேரத்திலும் ஒரு தடவை. எண் ஏறினால் மூச்சு சுலபமாகப் போகிறது, இறங்கினால் அடைப்பு.

இரண்டு வாரம் கழித்து அட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஞாயிறு முந்நூத்தி அறுபது. திங்கள் முந்நூத்தி பத்து. வியாழன் இருநூத்தி நாப்பது. மறுபடி ஞாயிறு முந்நூத்தி அம்பது. திரும்பவும் எறக்கம். வீட்டுல என்ன இருக்கு?”

“பூனை இருந்துச்சு. அனுப்பிட்டேன்.”

“இருந்தாலும் கேக்கறேன், உங்க பூனைக்கு ஞாயித்துக்கிழமை லீவா?”

அக்கா சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

“எங்க வேலை பாக்கறீங்க?”

“ரொட்டி ஃபேக்டரிம்மா. மாவு ரூம்.”

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். இரத்தச் சோதனையில் மாவு ஒவ்வாமை உறுதியானது. டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார்: மாவுத்தூசி படாத வேலைக்கு மாற்ற வேண்டும், எவ்வளவு சீக்கிரம் விலகுகிறாரோ அவ்வளவு நல்லது, நாளானால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம்.

திரும்பி வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் அக்கா கேட்டாள்.

“டேய். நீ நாலு நாள் லைப்ரரில படிச்சியே. இது அதுல இல்லையா?”

“இல்லக்கா.”

* இது பொய். கீழே அடிக்குறிப்பாகப் போடலாம் என்று நினைத்தேன், பிறகு அடிக்குறிப்பிலும் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்று இங்கேயே வைக்கிறேன்.

கடிதம் அலமாரிக்குள் போனது. “இதக் காட்டினா ‘உடல்தகுதி இல்ல’ன்னு ஒரு வார்த்தைல அனுப்பிருவாங்கடா. எனக்கு வேற என்ன தெரியும்? என் கைய வெச்சு மாவைத் தவிர எதை அறைய?” என்னைத்தான் அறைந்திருக்கலாம். அப்போது அவளுக்கு விஷயம் தெரியாது.

7

ஆரோக்கிய நாள். தொழிற்சாலை உணவுக்கூடத்தில் மேடை. நண்பகல். நூலாசிரியன் என்று என்னையும் உட்காரவைத்தார்கள். புகைப்படம் எடுப்பதால் மாவறை ஆட்கள் எல்லோரும் வழக்கத்தைவிட நீளமான காற்றுக் குளியல் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார்கள். பளிச்சென்று இருந்தார்கள்.

பச்சைப் பேனா ஒலிபெருக்கியைத் தட்டினார். “கையேட்ல இருந்து ஒரு கேள்வி! ஆஸ்துமாவைத் தூண்டுறது எட்டு. வரிசையா யார் சொல்றீங்க?”

அக்கா கை தூக்கினாள். என்னைப் பார்த்து ஒரு புன்னகை. அதை மறக்க ஏதாவது மருந்திருந்தால் எனக்கும் ஒருவர் எழுதிக் கொடுங்கள்.

“வீட்டுத் தூசி. செல்லப்பிராணி. மகரந்தம்.”

நிறுத்தினாள். தோள்கள் மேலேறின.

“பூஞ்சை…”

கூட்டம் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தது. “புகை! புகை!” என்று பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தது. “எடுத்துக் குடுக்காதீங்கப்பா, தெரியும் அவங்களுக்கு!” என்றார் பச்சைப் பேனா, உண்மையான அன்போடு.

“புகை. குளிர்… காத்து. சளி…”

உதடு நிறம் மாறுவதை மேடையிலிருந்து பார்த்தேன். எழுந்தேனா? நாற்காலியைப் பிடித்தேன்.

“மன…” என்றாள். உட்கார்ந்துவிட்டாள். எட்டும் வந்துவிட்டதாக எண்ணிக் கூடம் கைதட்டியது.

நல்ல பலத்த கைதட்டல்.

இன்ஹேலர் எங்கே? பூட்டுப்பெட்டியில். உணவு செய்யுமிடத்தில் உடுப்பின் பைக்குள் எதுவும் இருக்கக் கூடாது என்று விதி. விதி சரிதான், ரொட்டிக்குள் பொத்தான் கிடப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் அறை வாசலில் ஒரு ஆணி அடித்து, ஒரு சின்ன டப்பா மாட்டி, அதில் அவளுடைய நீல இன்ஹேலரை வைக்க எத்தனை பேர் கொண்ட குழு கூட வேண்டும்? பூட்டுப்பெட்டியின் சாவி காவலரிடம். காவலர் புகைப்படக்காரருக்கு வண்டி நிறுத்த இடம் காட்டப் போயிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்: நிமிர்ந்து உட்காரவைக்கவும், படுக்கவைக்கக் கூடாது, இறுக்கமான உடையைத் தளர்த்தவும், சுற்றிக் கூட்டம் சேர விடாதீர்கள், நீல இன்ஹேலரை ஒவ்வொரு இழுப்பாகத் தரவும், தணியாவிட்டால் உடனே ஆம்புலன்ஸ். நான் கூட்டத்தைப் பிளந்து ஓடிப்போய் “படுக்க வைங்க, படுக்க வைங்க!” என்று கத்தினேன். என் கையைத் தள்ளிவிட்டு அவளே முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் கையேட்டால் விசிறினேன். ஆசிரியர் தன் நூலை உருப்படியாகப் பயன்படுத்திய ஒரே தருணம் அது, அதுவும் தப்பு.

ஆறு நிமிடம். மாவறையில் அவளோடு வேலை செய்யும் ஒருத்தி சாவிக்குக் காத்திராமல் பூட்டை உடைத்து எடுத்து வந்தாள். பிறகு ஆம்புலன்ஸ். பிறகு நெபுலைசரின் புகைமூட்டம், நரம்பில் ஊசி, மூன்று நாள் மருத்துவமனை.

மூன்றாவது நாள் அவள் ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஒன்பது தூண்டி. முதலாவது மாவு. பச்சைக் கோடு. சரி சார். எல்லாம்.

அக்கா சுளையிலிருந்து நார் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“பூனைய வேற அனுப்பிட்டேனேடா, பாவி” என்றாள். அழுதாள். அழுவதற்கே மூச்சு போதாமல் நிறுத்தினாள். பிறகு, “அந்தப் பேப்பர் இன்னும் வெச்சிருக்கியா? கோடு போட்டது?”

“இருக்கு.”

“எடுத்துட்டு வா.”

8

முடிவுகள். மூன்று எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் வீட்டில் ஓய்வில் இருந்தாள், மறுக்க முடியாத நிலை என்று நினைத்தேன்.

முடிவு அ: தொழிற்சாலை உறிஞ்சும் எந்திரம் பொருத்துகிறது. பச்சைப் பேனா கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்கிறார்.

“யாரு, நம்ம ஆபீசர் சாரா? அவர் அழணும்னா முதல்ல சுற்றறிக்கை வரணும். அடுத்தது படி.”

முடிவு ஆ: அவள் அடுத்த தாக்குதலில் இறந்துபோகிறாள். கூடமே ஸ்தம்பிக்கிறது. வாசகர் கண்ணீர் விடுகிறார்.

“கொன்னுட்டியா! எனக்கு ஆஸ்துமா, சரி. உனக்கு என்னடா வியாதி?”

“ஒரு அழுத்தம் வேணுமேன்னு…”

“உன் கதைக்கு அழுத்தம் வேணும்னா நீ சாவு. நான் தெனமும் பழுப்பு அடிச்சு, வாய் கொப்புளிச்சு, வரிசையா எண் எழுதிட்டு உக்காந்திருக்கேன், இவன் எனக்குச் சாவு எழுதறான். கேட்டீங்களா?” மாமா சமையலறையிலிருந்து, “அவனுக்கு டீ குடுக்காத” என்றார்.

முடிவு இ: துரை திரும்பி வருகிறது.

“அது அங்க நல்லா தின்னு குண்டாகிடுச்சு. போன வாரம் போனேன், என்னைப் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு. அது கோவம் நியாயம். இதையெல்லாம் வெச்சு முடிக்காத.”

அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய எண் அட்டையின் பக்கத்தில் வேறு அட்டைகளும் இருந்தன. வேறு வேறு கையெழுத்து. அக்கா ஓய்வில் இருந்த மூன்று வாரத்தில் ஊதல் நர்ஸிடமிருந்து அளவுக்குழாய்களும், ஆளுக்கொரு காகித வாய்முனையும் வாங்கி, மாவறையின் மற்ற பத்துப் பேரையும் ஊதவைத்திருக்கிறாள். பூட்டை உடைத்தவள்தான் பொறுப்பாளர். பத்தில் நாலு அட்டைகள் திங்களிலிருந்து இறங்கி ஞாயிறில் ஏறின. நாலு பேருக்கும் இருமல் இருந்தது. ஒருவர் ‘சிகரெட்டால’ என்றும், ஒருவர் ‘வயசாச்சு’ என்றும், இரண்டு பேர் ‘வீட்டுத் தூசி’ என்றும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பேரை நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இன்னும் போகவில்லை.

“காத்துக் குளியல நிறுத்தச் சொல்லிட்டேன்” என்றாள். “மொதல்ல கோவிச்சுக்கிட்டாங்க. அழுக்கா வீட்டுக்குப் போறதான்னு. இப்ப ஈரத்துணி. ஒருத்தர் முதுக ஒருத்தர் தொடைக்கறாங்க. அதுலயும் கிச்சுகிச்சு மூட்டறாங்களாம்.”

நான் எழுதாத ஒரு கதை எனக்குப் பின்னால் நடந்து முடிந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. (அடிக்க வேண்டாம், இருக்கட்டும்.)

9

இந்தக் கதையின் பொருட்டு ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: முடிவு இன்னும் நடக்கவில்லை. இதை நான் தொழிற்சாலை அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை பத்தரை. எதிரே மூடிய கதவு. உள்ளே பச்சைப் பேனா, அவருக்கு மேலே உள்ளவர், அவருக்கும் மேலே உள்ளவர். மேசையின் இந்தப் பக்கம் அக்காவும் அட்டைக்காரர்கள் நாலு பேரும். டாக்டர் கடிதம் அவள் கையில். அவள் கேட்பவை எளியவை: தொட்டிகளுக்கு மூடி. தூசி உறிஞ்சும் எந்திரம். பொருத்தமான முகமூடி. வாசலில் ஒரு டப்பா. தனக்கு மாவு படாத இடத்தில் அதே தரத்தில் வேலை, சுட்ட ரொட்டியின் பதம் பார்க்கும் வேலை. மாவின் பதம் தெரிந்தவளுக்கு அது தெரியாதா?

அவர்கள் சொல்லக்கூடிய பதிலும் எளிதானது: உடல்தகுதி இல்லை. ஒரே வாக்கியம். மற்ற நாலு பேரும் அதைக் கேட்டால் தங்கள் அட்டைகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். அறை பழையபடி வெள்ளையாகும்.

காலையில் அவளுக்காக ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம். வாங்கிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா வாக்கியம் ரொம்ப நீளம். என் மூச்சுக்கு இது தாங்காது.” திருப்பிக் கொடுத்துவிட்டாள். பச்சைக் கோடு விழுந்த தாளை மட்டும் எடுத்துக்கொண்டாள். “இத யார் எழுதினாங்கன்னு கேட்டா உன் பேரச் சொல்லுவேன். யார் சரின்னு சொன்னாங்கன்னு கேட்டாலும் உன் பேரத்தான் சொல்லுவேன். பரவால்லயா?”

“சொல்லுக்கா.”

“உள்ள வராத. வந்தா நீ பேசிருவ.”

நாற்காலிகள் இழுபடும் ஒலி. ஒரு இருமல், அது அவளுடையது. நாற்பது இருமல்களுக்கு நடுவிலும் எனக்குத் தெரியும். யாரோ ஏதோ ஆரம்பிக்கிறார், மிகவும் மரியாதையான குரல். அக்கா குறுக்கிடுகிறாள்.

“நான் மெதுவாத்தான் சார் பேசுவேன். நடுநடுவுல நிறுத்துவேன். நிறுத்தினா முடிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல. மூச்சு விடறேன்னு அர்த்தம். அதுவரைக்கும் யாரும் பேசக் கூடாது.”

உள்ளே அமைதி.

இதற்கு மேல் நான் எழுதினால் நடுவில் பேசியவன் ஆவேன். நிறுத்துகிறேன். அந்த மேசைக்கு எந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடும் பக்கமாக இருக்கலாம். அட்டையை மடித்து வைத்திருக்கும் பக்கமாக இருக்கலாம். எந்தப் பக்கமானாலும் முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் பேசி முடித்த பிறகு சொல்லுங்கள்.

இப்போது நிறுத்தியிருக்கிறாள். இன்னும் முடிக்கவில்லை.